‘வொர்க்கிங் ஃபாரஸ்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி:
வணக்கம். நியூயார்க் நகரக் குடிநீர் பற்றிய கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். அந்த நகரத்துத் தண்ணீரில் பெரும்பங்கு கேட்ஸ்கில் மலைப்பக்கத்திலிருந்து, வடிகட்டும் ஆலை இல்லாமலே வருகிறது. அங்குள்ள காட்டில் கணிசமான பகுதி தனியாருடையது. மரம் விற்று நாலு காசு வந்தால்தான் உரிமையாளர் அதை மனை போட்டு விற்காமல் வைத்திருப்பார். நகரமும் அம்மலைப்பக்கத்து ஊர்களும் 1997-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுடைய காட்டுப் பராமரிப்புக்கு நகரமே பணம் தருகிறது. இத்தகைய காட்டைத்தான் ஆங்கிலத்தில் ‘வொர்க்கிங் ஃபாரஸ்ட்’ என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். ‘உழைக்கும் காடு’ என்று எழுதிப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

மாணிக்கம்:
சங்கத் தமிழில் ‘மிளை’ இருக்கும்போது எதற்கு அலைகிறீர்கள்? காவற்காடு. நீரைக் காக்கிறது, நிலத்தைக் காக்கிறது. ‘கா’ என்றாலே சோலை, காத்தலும் அதுவே.

இளங்கோ:
ஐயா, மிளை கோட்டையைச் சுற்றிப் பகைவரைத் தடுக்க நின்ற காடு. கோடரியோடு போனவன் திரும்பியிருக்க மாட்டான். இங்கே கோடரிக்குத்தான் அழைப்பே. வனத்துறையில் முப்பது ஆண்டு இருந்தவன் சொல்கிறேன்: வெட்டுக்கு ஒதுக்கிய பகுதியைக் ‘கூப்பு’ என்போம். ‘கூப்புக்காடு’ என்று வையுங்கள், மலையில் எவருக்கும் புரியும்.

மாணிக்கம்:
அருமை! தூய தமிழும்கூட. கூப்புதல் என்றால் குவித்தல். வெட்டிய மரத்தைக் குவித்த இடம் கூப்பு.

இளங்கோ:
அது பிரெஞ்சு ‘கூப்’. வெட்டு என்று பொருள். ஆங்கிலேயர் வழியாக வந்தது. கைகூப்பிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள்.

கயல்விழி:
‘விளைகாடு’? விளைநிலம் போல. வினைத்தொகை என்பதால் விளைந்த, விளைகின்ற, விளையும் என்று முக்காலமும் அதற்குள் அடங்கும். தாத்தா வெட்டியதும் நாம் வெட்டுவதும் பேரனுக்கு விட்டுவைப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. தயவுசெய்து நடுவில் ‘க்’ போடாதீர்கள்.

செல்வி:
மரம் மட்டும்தானே நினைவுக்கு வருகிறது? கையேடு தண்ணீரை அல்லவா பெரிதாகப் பேசுகிறது?

கயல்விழி:
தண்ணீரும் அந்தக் காட்டின் விளைச்சல்தான் அம்மா.

இளங்கோ:
அழகான சொல். அதுதான் எனக்குப் பயம். நீலகிரியில் புல்வெளியை அழித்துச் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதற்கும் நாளை இதே பெயரைச் சூட்டிவிடுவார்கள். மழைநீரைத் தேக்கி ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்தது அந்தப் புல்தான். ஒரே மரத்தை வரிசையாக நட்டால் அது தோப்பு. கேட்ஸ்கிலில் பல வகை மரம், பல வயது மரம் நிற்கிறது, பொறுக்கி வெட்டுகிறார்கள். அந்த வேறுபாடு உங்கள் வினைத்தொகையில் எங்கே இருக்கிறது?

செல்வி:
இல்லைதான். ஆனால் மணி பதினொன்று. கயல்விழி சொன்ன ‘விளைகாடு’ என்பதையே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘பொறுக்கி வெட்டிப் பேணும் காடு’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். இளங்கோ ஐயா பொறுத்தருள்க.

இளங்கோ:
பொறுக்கிறேன், ஏற்கவில்லை.

மாணிக்கம்:
கூப்பு, கூம்பு, குவி, குப்பை நான்குக்கும் வேர் ஒன்றே. நாளை விரிவாக எழுதுகிறேன்.