தமிழில் நடக்கும் குடிநோயாளிகள் கூட்டம் குறித்து ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் என் அண்ணன், மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குடியை விட்டு இன்றோடு 41 நாட்கள் ஆகின்றன. கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் மாலை ஆறு மணியானால், காலித் தேநீர்த் தம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வேலைக்குப் போகும் வழியில்தான் கள்ளுக்கடையும் இருக்கிறது.

குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒன்றுகூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும், 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும், அதில் சேரக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும் என்பதையும் அறிவேன். மலையாளக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன், அன்போடுதான் வரவேற்றார்கள். கடையில் கணக்குப் பேசும் அளவுக்கு அண்ணனுக்கு மலையாளம் வரும், மனத்தில் இருப்பதைச் சொல்ல வராது. கடைசிவரை வாய் திறவாமலே திரும்பினார்.

ஆகவே, பொள்ளாச்சியிலோ கோவையிலோ தமிழில் நடக்கும் கூட்டத்தின் இடம், கிழமை, நேரம் ஆகியவற்றை நேரில் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். முதல் நாள் நானும் உடன் அமரக்கூடிய திறந்த கூட்டமாக இருந்தால் நல்லது. அண்ணியைப் போன்ற குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் அருகில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஞாயிறு காலை வசதிப்படும். இரவென்றால் திரும்பப் பேருந்து கிடைப்பது கடினம். கூட்டத்துக்கு வருபவர் யாருடைய பெயரையும் பொதுவில் எழுத வேண்டாம்.