பட்டாலையில் தொங்கும் படத்தில் இருப்பது எந்த வால்நட்சத்திரம்?

கேள்வி (கானாடுகாத்தான்)

எங்கள் பூர்வீக வீட்டின் பட்டாலை எனப்படும் கூடத்துச் சுவரில், ரவி வர்மாவின் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இடையே, தேக்குச் சட்டம் போட்ட ஒரு வால்நட்சத்திரப் படம் தொங்குகிறது. கீழே ஓர் ஆறும் பாலமும் இரட்டைக் கோபுரம் கொண்ட ஒரு மாதா கோயிலும் இருக்கின்றன. மேலே கருநீல வானத்தில் அகன்ற வால் ஒன்று எழுந்து வலப்பக்கமாக வளைகிறது. தலைக்கு மிக அருகில் ஒரு விண்மீன் தனியாகப் பளிச்சென்று தெரிகிறது. வளைவின் வெளிப்புறத்தில், நூல் பிடித்ததுபோல நேரான இரண்டு மெல்லிய கோடுகளும் உள்ளன. அடியில் இருந்த எழுத்துகளைச் சட்டம் மறைத்துவிட்டது.

கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன இடத்தில், ரங்கூனில், ஐயாவின் தகப்பனார் வாங்கி வந்தது என்றும், 1910இல் வந்த ஹாலி வால்நட்சத்திரம்தான் அது என்றும் வீட்டில் சொல்வார்கள். அடுத்த படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, பங்காளிகள் அனைவரும் கூடும்போது படத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைக்க விரும்புகிறேன். அபசகுனமான படம், கழற்றிவிடலாம் என்று சிலர் சொல்வதால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது எனக்கு முக்கியம். இது ஹாலிதானா? இத்தகைய பழைய படங்களை வானத்தின் பதிவாக நம்பலாமா, அல்லது ஓவியரின் கற்பனை என்றே கொள்ள வேண்டுமா?

மறுமொழி (தேவகோட்டை)

நீங்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து எழுதியிருப்பதால் உறுதியாகவே சொல்லலாம்: இது ஹாலி அன்று, 1858இல் தோன்றிய டொனாட்டி வால்நட்சத்திரம். அவ்வாண்டு ஜூன் 2ஆம் நாள் ஃபுளோரன்ஸ் நகரில் ஜியோவானி பத்திஸ்தா டொனாட்டி இதைக் கண்டறிந்தார். செப்டம்பர் 30 அன்று சூரியனுக்கு மிக அருகில் வந்தது. அக்டோபர் முற்பகுதியில் அந்திப் பொழுதில் மேற்கு வானில் நின்றது. தலையருகே நீங்கள் காணும் விண்மீன் சுவாதி. அக்டோபர் 5 அன்று அந்த வால்நட்சத்திரம் சுவாதியை ஒட்டிக் கடந்தது, ஆகவே படம் காட்டும் மாலை எதுவென்பதையும் கணிக்க முடிகிறது. பாரிஸ் நகரின் மேலே டொனாட்டி நிற்பதாக வரைந்த படங்கள் பிரெஞ்சு, ஜெர்மன் வானியல் நூல்களில் வெளிவந்தன. உங்கள் படத்திலுள்ள ஆறு செய்ன் ஆறாகவும், இரட்டைக் கோபுரம் நோத்ர தாம் கோயிலாகவும் இருக்கக்கூடும்.

இனி அந்த வளைவைக் கவனியுங்கள். சூரிய ஒளியின் அழுத்தம் தூசைச் சூரியனுக்கு எதிர்த்திசையில் தள்ளுகிறது. தள்ளப்பட்ட தூசு தலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குவதால் வால் வளைகிறது. அந்த நாட்களில் டொனாட்டி தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேற்கைப் பார்த்து நிற்பவருக்குத் தெற்கு இடக்கைப் பக்கம் ஆகையால், பின்தங்கிய வால் வலக்கைப் பக்கம், வடக்கே, வளைந்துதான் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் படத்திலும் அப்படியே இருக்கிறது. நேரான இரண்டு கோடுகளும் வாயுவாலானவை. சூரியனிலிருந்து ஓயாது வீசும் துகள் ஓட்டமே வாயு வாலை இப்படி நேராக நீட்டுகிறது என்று லுட்விக் பியர்மன் விளக்கியது 1951இல்தான். காரணம் தெரியாத காலத்திலேயே கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் வரைந்து வைத்தவரை நான் மிகவும் மதிக்கிறேன். டொனாட்டியை ஒளிப்படம் எடுக்கவும் அப்போது முயன்றார்கள். ஆனால் அந்த நீண்ட வாலின் நுட்பங்களுக்கு நமக்குள்ள சான்றுகள் கைச்சித்திரங்களே. ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஜார்ஜ் பாண்ட் தலையைச் சுற்றி அடுக்கடுக்காக எழுந்த ஒளி உறைகளை நாள்தோறும் வரையச் செய்து, 1862இல் நூலாக வெளியிட்டார்.

வீட்டில் 1910 என்று சொல்லி வந்ததற்கும் காரணம் இருக்கலாம். அவ்வாண்டு ஜனவரியில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் வந்தது, ஏப்ரல், மே மாதங்களில் ஹாலி வந்தது. இரண்டையும் பார்த்தவர்கள் வீட்டில் இருந்திருந்தால், சுவரில் இருந்த படத்தையும் அந்த நினைவோடு சேர்த்திருப்பார்கள்.

மறுமொழி (திருப்பத்தூர், சிவகங்கை)

மேலே சொன்னது டொனாட்டிக்குப் பொருந்தும். எல்லாப் பழைய படங்களையும் அப்படி நம்பிவிட முடியாது. சீனாவின் மாவாங்துய் கல்லறையில் 1973இல் கிடைத்த பட்டுத்துணியில் 29 வால்நட்சத்திரங்கள் வரையப்பட்டுள்ளன. கல்லறை மூடப்பட்ட ஆண்டு கி.மு. 168. ஒவ்வொரு வாலுக்கும் ஒரு வடிவம், அதன் கீழே அது கொண்டுவரும் கேடு என்று எழுதியிருப்பதால், அது கணியர்களின் கையேடு என்றே நான் கருதுகிறேன். இங்கிலாந்தை நார்மானியர் வென்ற கதையைத் துணியில் தைத்துக் காட்டும் பேயூ சித்திரத் தையலில், ஹாலி இங்கிலாந்து மன்னன் ஹரால்டின் அரியணைக் காட்சியை ஒட்டி நிற்கிறது. அவன் முடிசூடியது 1066 ஜனவரியில், வால்நட்சத்திரம் தெரிந்ததோ ஏப்ரலில். அவனுக்கு வரப்போகும் தோல்வியைச் சொல்வதற்காக அவற்றை அருகருகே வைத்தார்கள்.

அச்சத்திலிருந்து அளவைக்கு வந்த பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மானிய வானியலாளர் பீட்டர் அப்பியன் 1532இல் வெளியிட்ட மரக்கட்டை அச்சுப் படம். முந்தைய ஆண்டு வந்த ஹாலியை நாள்வாரியாக அடுத்தடுத்து வரைந்து, சூரியனையும் அதே படத்தில் காட்டி, வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீள்கிறது என்பதைக் கோடிட்டே நிறுவினார். சீனர்கள் இதை முன்பே குறித்திருந்தார்கள் என்றாலும், ஐரோப்பாவில் வாலை வாளாகவும் சவுக்காகவும் பார்த்த கண்களுக்கு அந்தப் படம் புதிய பாடம். ஆகவே எந்தப் பழைய படத்திலும் நான் முதலில் பார்ப்பது, வால் சூரியன் இருக்கும் பக்கத்துக்கு எதிரே நீள்கிறதா என்பதைத்தான்.

பங்காளிகளின் கவலைக்கு நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. புறநானூற்றின் 117ஆம் பாட்டில், வானில் தூமம், அதாவது வால்நட்சத்திரம், தோன்றினாலும் மழை பொய்க்காமல் விளைந்த நாடாகக் கபிலர் பாரியின் பறம்பைப் பாடுகிறார். அந்தப் பறம்புதான் நம் பிரான்மலை. நாடாள்பவன் செங்கோல் வழுவாவிட்டால் வானத்துக் குறி எதுவும் செய்யாது என்பதே அப்பாட்டின் உட்பொருள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று ஏணி வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வாலின் வலப்பக்கத்தில் ஏழு விண்மீன்கள் அகப்பை வடிவில் இருக்கின்றன. நிறம் கோடுகளாக இல்லாமல் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிகிறது. காகிதத்தின் ஓரம் பழுப்பேறி, ஒரு மூலையில் இராமபாணப் பூச்சி அரித்த தடமும் இருக்கிறது.

மறுமொழி (கோட்டையூர்)

வடமேற்கில் சப்தரிஷி மண்டலம் இருக்க வேண்டிய பக்கத்திலேயே இருப்பதால், படம் இடவலமாகப் புரளவில்லை என்பது உறுதியாகிறது. கட்டையிலோ கல்லிலோ நேராக வரைந்தால் தாளில் இடவலம் மாறி விழும். கவனமில்லாத அச்சகங்களில் வானமே புரண்டுபோன படங்கள் உண்டு. நீங்கள் சொல்லும் பொடிப் புள்ளிகள் வண்ணக் கல்லச்சின் அடையாளம். ஆகவே காட்சி 1858ஐச் சேர்ந்தது. தாள் அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தியதாக இருக்கலாம். குறிப்பில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ரவி வர்மா படங்களும் இதே கல்லச்சு முறையில் வந்தவை என்பதால், மூன்றையும் ஒரே வரிசையில் மாட்டியவரின் ரசனை எனக்கு இயல்பாகவே படுகிறது.

1910இல் தமிழ்நாட்டில் ஹாலியைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பார்க்க விரும்பினால், எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் இதழ்களும் சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. தேடத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

படத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பழுப்புக்குப் பெரும்பாலும் காரணம் பின்னால் வைத்த மரப்பலகையின் அமிலம்தான். காகிதச் சீரமைப்பு அறிந்தவரைக் கொண்டு பலகையை எடுத்துவிட்டு, அமிலமில்லாத அட்டையை வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள். பிரிக்கும்போது அடியில் மறைந்திருக்கும் எழுத்துகளைப் படமெடுத்து இங்கே இடுங்கள். அச்சகத்தின் பெயர் அங்கே இருந்தால், தாளின் காலத்தையும் நெருங்கிவிடலாம்.