மீன்தொட்டிக்கு வீட்டிலேயே மூடி: கண்ணாடியா, வலையா?

கயல்:
என் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், ஏறத்தாழ 180 லிட்டர் நீர் பிடிக்கும். வரிக்குதிரை டேனியோக்களும் இரண்டு கௌராமிகளும் இருக்கின்றன. நேற்றுக் காலை தொட்டிக்குப் பின்னால் ஒரு டேனியோ காய்ந்து கிடந்தது. தரையில் ஒட்டியிருந்த அதைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இனி ஒன்றைக்கூட இப்படி இழக்க மாட்டேன். 3 மி.மீ. அக்ரிலிக் தாளில் நானே மூடி செய்யலாம் என்றிருக்கிறேன். சரிவருமா?

தச்சன்:
அக்ரிலிக் வேண்டாம். அதன் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேல்பக்கம் உலர்ந்தே இருக்கும். அதனால் நடுப்பகுதி தொங்கி, ஓரங்கள் மேலே எழும்பும். நான் செய்து பார்த்தவன். சில வாரங்களிலேயே என் மூடியின் மூலையில் விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. டேனியோவுக்கு அது வாசல்.

5 மி.மீ. கண்ணாடியை முன்னும் பின்னுமாக இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். விளிம்புகளைச் சாணை பிடித்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும். இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் கீல் பட்டை வைத்தால் முன்துண்டை மட்டும் தூக்கி இரை போடலாம். பின்மூலையைச் சாய்வாக வெட்டினால் குழாய்களுக்கும் வழி கிடைக்கும்.

நீரோட்டம்:
தச்சன் அக்ரிலிக்கைப் பற்றிச் சொன்னது சரி, கண்ணாடியைப் பற்றிச் சொன்னதுதான் தவறு. இந்த அளவுக்கு 5 மி.மீ. கண்ணாடி மொத்தம் 5 கிலோ வரும். ஈரக் கையில் நழுவித் தொட்டிக்குள் விழுந்தால் என்ன ஆகும்?

அதைவிடப் பெரிய கவலை வெப்பம். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது 2,400 கிலோஜூல் அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகிறது. 180 லிட்டர் நீரை 3 டிகிரி குளிர்விக்க அது போதும். கண்ணாடியால் மூடினால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். சூடு ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல், 30 டிகிரியில் ஏழரைதான். கோடையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதைப் பார்த்தவர்கள் கண்ணாடி மூடியைப் பரிந்துரைக்க மாட்டார்கள். ஜன்னல் கொசுவலைக்குப் பயன்படும் அலுமினியச் சட்டத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டுங்கள். அதுவே போதும்.

தச்சன்:
ஆவியாகிப் போவது வெறும் நீர்தான், உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்டக் குழாய்நீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டு வந்தால், நீரின் கடினத்தன்மை மாதாமாதம் ஏறும். வலை போடுபவர்கள் இதைப் பேசுவதே இல்லை. கௌராமிகள் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்குபவை. மூடியின் கீழே தங்கும் வெதுவெதுப்பான, ஈரமான காற்று அவற்றுக்கு நல்லது. எடையும் சிக்கலில்லை, துண்டுக்கு இரண்டரை கிலோதானே?

நீரோட்டம்:
உப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நிரப்புவதற்கு உப்பு நீக்கிய நீரை ஊற்ற வேண்டும், வாராவாரம் பழைய நீரில் ஒரு பகுதியையும் மாற்ற வேண்டும். அதைச் செய்யாதவருக்கு வலை ஏற்றதல்ல. ஆனால் கௌராமி வாதம் குளிரான அறைக்குத்தான் பொருந்தும். அறையே வெதுவெதுப்பாக இருந்தால் நீருக்கு மேலுள்ள காற்றும் அப்படித்தான் இருக்கும்.

அல்லி:
இருவரும் மூடியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த மீன் ஏன் குதித்தது? அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் இன்றைக்கே அளந்து பாருங்கள், கயல். நீர் கெட்டிருந்தால், மூடி மீனைக் கெட்ட நீருக்குள்ளேயே பூட்டி வைக்கும், அவ்வளவுதான். துரத்தும் மீன் ஏதாவது இருக்கிறதா என்றும் மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

தச்சனுக்கு ஒன்று: வெட்டிய பின்மூலையை அப்படியே விடச் சொல்லாதீர்கள். மெலிந்த மீன் தப்புவது பெரும்பாலும் அந்தக் குழாய்த் துளை வழியாகத்தான். குழாயைச் சுற்றி வடிகட்டிப் பஞ்சை வெட்டி அடைக்க வேண்டும்.

தச்சன்:
ஆம், அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

கயல்:
அளந்துவிட்டேன், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். ஆனால் அல்லி சொன்னபடி உட்கார்ந்து பார்த்ததில் பெரிய கௌராமி டேனியோக்களை ஒரு மூலைக்கு விரட்டுவது தெரிந்தது. மீன் வெளியே கிடந்ததும் அதே மூலையின் பின்புறம்தான். அங்கே மறைவிடமாக அடர்ந்த செடிகளை நடப்போகிறேன்.

அறை சூடாகவே இருப்பதால் மூடிக்கு வலையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்தபோது, தொட்டி சரியான செவ்வகமே இல்லை என்று தெரிந்தது. வலப்பக்கம் 4 மி.மீ. குறைகிறது. அளவை மட்டும் நம்பிச் சட்டத்தை வெட்டியிருந்தால் பொருந்தியிருக்காது.

நீரோட்டம்:
நல்ல முடிவு. வலையின் கண் (துளை) 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம். செம்பு, பித்தளைக் கம்பிவலை எதுவும் வேண்டாம். செம்பு நீரில் கலந்தால் பின்னாளில் இறால் வளர்க்க முடியாது. வலையைச் சட்டத்தின் பள்ளத்துக்குள் ரப்பர் கயிற்றால் அழுத்தும்போது எதிரெதிர்ப் பக்கங்களாகச் செய்யுங்கள், தொய்யாது.

தச்சன்:
நான் இன்னமும் கண்ணாடிக் கட்சிதான். வலைதான் என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: தொட்டியின் பக்கவாட்டில் இன்றைய நீர்மட்டத்தில் ஒரு நாடா ஒட்டுங்கள். ஏழு நாளில் எத்தனை செ.மீ. இறங்கியது என்று இங்கே வந்து சொல்லுங்கள், பேசுவோம். விளக்கின் மின்கம்பியும் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கயல்:
நாடா ஒட்டியாயிற்று.