மருந்தை நிறுத்தியதும் பெருகிய மரபணு எங்கே போகிறது?

கேள்வி: புதுஆய்வாளன்

வணக்கம். பிஎச்டி இரண்டாம் ஆண்டு. எலி செல்களை மெத்தோட்ரெக்சேட் என்கிற புற்றுநோய் மருந்தில் வளர்க்கிறேன், எட்டு மாதம் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சாதாரண செல் தாங்கவே முடியாத அளவுக்குப் பழக்கிவிட்டேன். நடுவில் மருந்து தீர்ந்துபோய் அடுத்த ஆர்டர் வர இரண்டு மாதம் ஆனது, அதுவரை வெறும் மீடியத்தில் ஓட்டினேன். பழைய அளவை மறுபடி போட்டதும் நாலே நாளில் பாதிக்கு மேல் கழன்று மிதக்கின்றன. பக்கத்து பெஞ்ச் அக்காவின் சிஎச்ஓ (சீன வெள்ளெலியின் சினைப்பை) செல்களும் அதே இரண்டு மாதம் மருந்தில்லாமல்தான் இருந்தன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மருந்து முடக்கும் நொதிக்கான டிஎச்எஃப்ஆர் மரபணு பல நகலாகப் பெருகுவதால்தான் எதிர்ப்பு வருகிறது என்று படித்தேன். டிஎன்ஏவில் ஏறியது எப்படி இறங்கும்? ஹன்டிங்டன் என்கிற பரம்பரை மூளை நோயில் சிஏஜி என்ற டிஎன்ஏ எழுத்துகளின் தொடர் நீள்வதும் இதே வழிதானா?

பதில் 1: மெட்டாஃபேஸ்

தம்பி, ஏறிய இடத்தைப் பொறுத்தது. உன் செல்களில் கூடுதல் நகல்கள் குரோமோசோமுக்கு வெளியே, டபுள் மினிட் என்கிற குட்டித் துண்டுகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜீம்சா சாயம் போட்ட ஸ்லைடில் பார்த்தால் பெரிய குரோமோசோம்களுக்கு நடுவே இரண்டிரண்டாகச் சிதறிய புள்ளிகள், ரவை கொட்டியது மாதிரி. அவற்றுக்கு சென்ட்ரோமியர் கிடையாது, செல் பிரியும்போது இழைகள் பிடித்து இழுக்கப் பிடிமானமே இல்லை. அதனால் ஒரு மகள் செல்லுக்கு முப்பது போகலாம், இன்னொன்றுக்கு ஐந்து. மருந்து இருந்தால் ஐந்து வாங்கியது சாகும், முப்பது வாங்கியது பெருகும். மருந்து இல்லாதபோது கதை தலைகீழ், சுமை குறைந்த செல் வேகமாக வளர்ந்து தட்டையே நிரப்பிவிடும். அக்காவின் செல்களில் அதே நகல்கள் குரோமோசோமுக்குள்ளேயே வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும், பட்டை பட்டையாகத் தெரியாமல் ஒரே சீராகச் சாயம் ஏறும் நீளமான பகுதி. அது குரோமோசோமோடு சேர்ந்து ஒழுங்காகப் பிரியும். ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஷிம்கேயின் குழு 1978, 79 வாக்கில் இதைத்தான் காட்டியது, நிலையான எதிர்ப்பு குரோமோசோமுக்குள், நிலையற்றது டபுள் மினிட்டில். ஆய்வு போகவில்லை, மருந்து தீருமுன் உறையவைத்த வயல் (செல் குப்பி) இருந்தால் எடு.

பதில் 2: சோளக்காடு

நகல் உண்டாவது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. மருந்து வந்து எந்த மரபணுவைப் பெருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்லை. கூட்டத்தில் எங்கோ ஒரு செல்லில் தற்செயலாக இரட்டித்திருக்கும், மருந்து மற்றவற்றை ஒழித்து அதை மட்டும் விட்டுவைக்கும். இரட்டிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த வழி, பார்பரா மெக்லின்டாக் சோளத்தில் 1930களின் கடைசியில் கண்டது. குரோமோசோமின் நுனி உடைந்துவிடுகிறது. அது நகலெடுத்ததும் உடைந்த இரண்டு நுனிகளும் ஒட்டிக்கொள்கின்றன. இப்போது ஒரே துண்டில் இரண்டு சென்ட்ரோமியர், செல் பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டு நடுவே பாலம் மாதிரி விறைத்து நிற்கும், பிறகு அறுந்துபோகும். சரிபாதியில் அறுவது அரிது, ஒரு பக்கம் கூடுதலாக ஒரு நகல் வாங்கிக்கொண்டு போகும், அதுவும் தலைகீழாகத் திரும்பிய நகல். நுனி மறுபடியும் உடைந்ததுதானே, அடுத்த சுற்றிலும் இதே கூத்து. சில புற்றுக் கட்டிகளின் டிஎன்ஏவில் முகத்துக்கு முகம் பார்த்த நகல்கள் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு வழியில், ஒரு துண்டு வெட்டுப்பட்டு வளையமாகி தனியாக நகலெடுத்துக்கொள்ளும், டபுள் மினிட்டுக்கு அது பொருந்துகிறது.

பதில் 3: மூன்றெழுத்து

ஹன்டிங்டன் வேறு சங்கதி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் செல்லில் பெருகும் ஒரு அலகு முழு மரபணுவையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்து லட்சக்கணக்கான எழுத்து நீளம் இருக்கும். அங்கே பெருகுவது மூன்றே எழுத்து. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் பக்கத்தைப் பார்த்து எழுதினால் வரி தவறுகிறதே, அப்படி இழை வழுக்கி, ஒரு மடிப்பு வெளியே துருத்திக்கொள்ளும். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்3 என்ற பழுதுநீக்கும் புரதங்கள் அதைச் சரிசெய்யப் போய் பல நேரம் கூடுதலையே நிலைக்கவைத்துவிடுகின்றன. சிஏஜி 26 முறை வரை திரும்பினால் இயல்பு, 40 முறையோ அதற்கு மேலோ போனால் நோய் வரும். அப்பா வழியாக வரும்போது நீளம் கூடும் வாய்ப்பு அதிகம், அதனால் சில குடும்பங்களில் பிள்ளைக்கு அப்பாவைவிட இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.

புதுஆய்வாளன்

எல்லோருக்கும் நன்றி. ஆறாம் மாத வயலை எடுத்து மருந்தோடு வளர்த்து ஸ்லைடு போட்டேன். அண்ணா சொன்ன அதே ரவை! ஒரு செல்லில் எண்ணி முடிக்க முடியவில்லை, பக்கத்துச் செல்லில் ஏழே ஏழு. இனி மருந்து கைவசம் இல்லாவிட்டால் செல்லை ஓட்டப்போவதில்லை, உறையவைத்துவிடுவேன்.

மெட்டாஃபேஸ்

நல்லது. அப்படியே க்யூபிசிஆரில் (டிஎன்ஏவின் அளவைக் கணக்கிடும் சோதனை) நகல் எண்ணிக்கையையும் பார்த்துவிடு, பெருகாத ஒரு மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்து. மருந்தை உள்ளே விடாமல் தடுக்கும் மாற்றமும் இதே எதிர்ப்பைக் கொடுக்கும், இரண்டும் கலந்திருந்தால் ஸ்லைடு மட்டும் காட்டிக்கொடுக்காது.