ஜிடி86-க்கு 8 அங்குல அகல ரிம்மில் 225 மி.மீ. அகல டயரா, 245ஆ?

கார் டொயோட்டா ஜிடி86, மேனுவல், 2014 மாடல். எஞ்சின், சஸ்பென்ஷன் எதிலும் கை வைக்கவில்லை. இரண்டாவது கியரில் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் வழுக்குகிறது. ஈரச் சாலையில் டிராக்‌ஷன் விளக்கு (சக்கரம் வழுக்குவதைக் காட்டுவது) ஓயாமல் மின்னுகிறது.

இப்போதுள்ள டயர் 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45%, ரிம் விட்டம் 17 அங்குலம்), ரிம் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 48 மி.மீ. காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 32-க்கு இறக்கிப் பார்த்தேன். ஸ்டீயரிங் தொளதொளவென்று ஆனதுதான் மிச்சம். அலைன்மென்ட் சரியாக இருக்கிறது. ட்ரெட் 5 மி.மீ. இருந்தாலும் பக்கச்சுவரில் 1218 என்று போட்டிருக்கிறது, அதாவது 2018-இன் 12-வது வாரத்தில் வந்த டயர். நகம் வைத்து அழுத்தினால் பதியவே இல்லை. சரி, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கூடவே 17x8, ஆஃப்செட் 45 ரிம் எடுக்கிறேன் (18 அங்குல ரிம் வேண்டாம், எடை கூடும்). 245/40 போட்டால் டயரின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட பழையதேதான்; 225/45 சுமார் 9 மி.மீ. கூடும்.

மழையிலும் ஓட்டும் காருக்கு, எங்கும் உரசாமல், இரண்டில் எது நல்ல பிடிப்பு தரும்?