ரெட் ஹெரிங்: பொய்த்தடமா, போக்குக்காட்டியா?

கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

திரைக்கதைச் சொற்பட்டியலில் ‘கெடு’ முடிந்தது, ‘ஆள்வேட்டை’ முடிந்தது. இடறுவது ரெட் ஹெரிங், அதாவது உண்மையான துப்பிலிருந்து கவனத்தை வேறு பக்கம் இழுக்கும் பொய்த் துப்பு. இந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். இதுவரை வந்தவை: திசைதிருப்பி, பொய்த்தடம், கண்கட்டு, செம்மீன். கடைசியைப் பரிந்துரைத்தவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய இலக்கியத்தில் செம்மீன் வானத்தில் இருக்கிறது, அதைத் திரும்பக் கடலில் போட வேண்டாம்.

சொல்லை வெறும் அகராதிப் பொருளில் அலசினால் முடிவே வராது. அதனால் ஒரு கற்பனைக் கதையை வைத்துப் பேசுவோம். சமவெளியில் ஒரு குண்டுவெடிப்பு. செய்தவன் இரண்டாவது குண்டோடு நீலகிரிக்கு ஏறிவிட்டான். மறுநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில், குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பூட்ட நிற்கும். அந்த நேரம்தான் கெடு. போலீஸ் மோப்பம் பிடிப்பது கோத்தகிரிப் பக்கம் ஒரு காட்டேஜில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரனை. வெளியே வருவதில்லை, இரண்டு சிம் வைத்திருக்கிறான், பெயரை மாற்றிச் சொல்கிறான். உண்மையில் அவன் சீட்டுப் பணம் கட்ட முடியாமல் ஓடி வந்தவன், அவ்வளவுதான். குண்டோடு வந்தவன் பச்சைத் தேயிலை ஏற்றும் லாரியை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

இதில் காட்டேஜ்காரன் யார்? அவனுக்குத்தான் சொல் வேண்டும்.

உதகையிலிருந்து

ஐயா, என் ஓட்டு பொய்த்தடத்துக்கு.

ஆங்கிலச் சொல்லின் வேர் ஒரு வேட்டைக் கதையில் இருக்கிறது. உப்பிட்டுப் புகைபோட்டுச் சிவந்த மீனைத் தரையில் இழுத்துப் போனால், முயலை விட்டுவிட்டு வேட்டை நாய்கள் அந்த நாற்றத்தின் பின்னால் ஓடும் என்று 1807-ல் ஆங்கிலப் பத்திரிகையாளர் வில்லியம் காபெட் எழுதினார். பத்திரிகைகள் அரசியல் பொய்ச் செய்திக்குப் பின்னால் ஓடியதைக் கேலி செய்யத்தான் அந்தக் கதையைச் சொன்னார். சொல் பரவியது அதற்குப் பிறகு. வேட்டை நாய் நமக்கும் புதிதல்ல. வெள்ளைக்காரன் உதகையில் ஹன்ட் கிளப் வைத்து, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நரிக்குப் பதில் குள்ளநரியைத் துரத்தினான். மீனை அப்படியே பெயர்த்தால் ‘கருவாடு’ என்றுதான் வர வேண்டும். நாற்றத்திலும் பொருந்தும்! ஆனால் பாடநூலில் எழுத முடியாது.

‘தடம்’ மலையில் உயிரோடு இருக்கிற சொல். கால்தடம், வண்டித்தடம், யானைத்தடம் எல்லாம் இங்கே அன்றாடப் பேச்சு. பொய்த்தடம் என்றால் விளக்கவே வேண்டாம். புணர்ச்சியும் சுத்தம்.

குன்னூரிலிருந்து

எடிட்டிங் மேசையிலிருந்து பார்த்தால் பொய்த்தடம் பாதிதான் பொருந்துகிறது. யார் ஏமாறுகிறார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆள்வேட்டைப் படத்தில் ஏமாற்று மூன்று வகை.

ஒன்று, ஓடுகிறவன் துரத்துகிறவனை ஏமாற்றுவது. செல்போனை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போட்டுவிட்டு இவன் கட்டபெட்டுப் பக்கம் நடந்துவிடுவான். இரண்டு, துரத்துகிறவன் தானே ஏமாறுவது. காட்டேஜ்காரன் யாரையும் ஏமாற்றவில்லை, போலீஸின் அவசரம்தான் அவனைக் குற்றவாளி ஆக்கியது. மூன்று, திரைக்கதை எழுதுகிறவர் பார்வையாளரை ஏமாற்றுவது. முதல் இரண்டும் கதைக்குள்ளே நடப்பவை. மூன்றாவது கதைக்கும் அரங்குக்கும் நடுவில் நடப்பது. ரெட் ஹெரிங் என்ற உத்தியின் பெயர் இந்த மூன்றாவதற்கு உரியது. ஒரே காட்சி மூன்று வேலையும் செய்யலாம், அது வேறு விஷயம்.

>பொய்த்தடம் என்றால் விளக்கவே வேண்டாம்

அதுதான் சிக்கல். விளக்காமலே புரிவதால், அது ஏமாற்றுவதற்கு மட்டும் என்று எழுத வருகிறவர் நினைத்துவிடுவார். ஏமாற்றுவது இந்த உத்தியின் முதல் வேலை அல்ல. உண்மையான துப்பைப் பார்வையாளர் கண் முன்னாலேயே, அவர் கவனிக்காதபடி கொடுத்துவிடுவதுதான் முதல் வேலை.

கோத்தகிரி ஐயாவின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். பறித்த தேயிலை அன்றன்றே ஃபேக்டரிக்குப் போய் வாடப்போட வேண்டும். மூட்டையிலேயே அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அப்புறம் எந்த ஃபேக்டரியும் எடுக்காது. ஆகவே ராத்திரி முழுக்க ஓரங்கட்டி நிற்கும் இலை லாரி ஒரு துப்பு. இதைத் தனிக் காட்சியாக வைத்தால் படம் அங்கேயே முடிந்தது. காட்டேஜைச் சுற்றி வளைக்கும் காட்சியில், இன்ஸ்பெக்டர் தோளுக்குப் பின்னால், டார்ச் வெளிச்சம் ஒரு முறை மூட்டை மேல் விழட்டும். இலை சிவந்திருக்கட்டும். இரண்டு விநாடி போதும். எல்லாக் கண்ணும் கதவில் இருக்கும். 120-வது நிமிடத்தில் ஒரு தோட்டக்காரப் பெண் “சிவந்த இலையை எவன் வாங்குவான்?” என்று கேட்கும்போது, பார்வையாளருக்கு அந்த டார்ச் வெளிச்சம் நினைவுக்கு வரும். ‘நான் பார்த்தேனே’ என்று அவர் தன்னையே நொந்துகொள்ள வேண்டும். ‘காட்டவே இல்லையே’ என்று நம்மை நொந்துகொண்டால் தோல்வி.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு செயல் இருக்கிறது. குழந்தைக்குப் போக்குக் காட்டிச் சோறூட்டுவது. நிலா காட்டுவது நிலாவுக்காக அல்ல, சோற்றுக்காக. ஆகவே போக்குக்காட்டி.

அளவும் சொல்லிவிடுகிறேன். 150 நிமிடப் படம், இடைவேளை 75-ல் என்று வைத்துக்கொண்டால், காட்டேஜ்காரன் 25-வது நிமிடத்துக்குள் தலை காட்ட வேண்டும். அதற்குப் பிறகு நுழைகிற சந்தேக ஆளைப் பார்வையாளர் நம்புவதில்லை, ‘இவனை இப்போது எதற்குக் கொண்டுவருகிறார்கள்?’ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். 40-ல் இரண்டாவது தொடுகை. 58-லிருந்து 66 வரை சுற்றிவளைப்பு. 70-ல் பொய் என்று தெரிய வேண்டும். அந்த உடைவையே இடைவேளை ஆக்கக் கூடாது, பலரும் செய்கிற பிழை இதுதான். ‘இவன் இல்லை’ என்பது வெறும் இல்லாமை, அதை வைத்துக்கொண்டு யாரும் டீ குடிக்கப் போக மாட்டார்கள். மீதி ஐந்து நிமிடத்தில் அதன் விலையைக் காட்ட வேண்டும்: மூன்று சோதனைச் சாவடி ஆட்களையும் காட்டேஜுக்கு இழுத்துவிட்டதால் இலை லாரியை அன்று ராத்திரி யாரும் நிறுத்தவில்லை. அந்த லாரி கைகாட்டித் தாண்டிப் போகிற இடத்தில் இடைவேளை.

கூடலூரிலிருந்து

சொல்லைப் பிறகு பார்ப்போம், கதையில் ஒரு ஓட்டை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டி மேலே வர இ-பாஸ் வேண்டும். காட்டேஜ்காரன் சொந்தக் காரில் வந்திருந்தால், வண்டி எண் முதல் நாளே போலீஸ் கையில் இருக்கும், 40 நிமிடம் தேட வேண்டியதில்லை. அவனை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். லாரிக்கு டிஎன் 43 போர்டு, உள்ளூர் முகம், யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வித்தியாசத்தையே பயன்படுத்தலாம்: வெளியாள்மேல் சந்தேகம் விழும்படி அந்த ஏற்பாடே செய்துவிடுகிறது, எழுத்தாளர் தனியாக ஜோடிக்க வேண்டியதில்லை.

பந்திப்பூர் வழியாகத் தப்புவதாக எழுதினால் இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவு, அங்கே கார் துரத்தலை வேகமாக எடுத்தால் மலைக்காரன் சிரிப்பான்.

கொடைக்கானலிலிருந்து

குன்னூர் அண்ணாவின் விளக்கம் அழகு. சொல்தான் உறுத்துகிறது.

நாளிதழ்களில் ‘போக்குக் காட்டி’ வருவது யார்? போலீசாருக்குப் போக்குக் காட்டிய ரவுடி, கூண்டில் சிக்காமல் போக்குக் காட்டும் சிறுத்தை. 2021-ல் கூடலூர், மசினகுடிக் காடுகளில் டி23 புலியை 21 நாள் தேடினார்கள், கும்கி, டிரோன், மோப்ப நாய் எல்லாம் போயின, அக்டோபர் 15-ல்தான் உயிரோடு பிடித்தார்கள். அந்த மாதிரிச் செய்தியில் ‘போக்குக் காட்டுவது’ என்றால் நழுவுவது, அகப்படாமல் இருப்பது. புலி யாரையும் திசைதிருப்பவில்லை. ஆகவே பட்டியலைப் பார்க்கிறவர் ‘போக்குக்காட்டி’ என்றால் ஓடுகிற பயங்கரவாதியே என்று நினைப்பார். உங்கள் கதையில் அவன் லாரி ஓட்டுநர், காட்டேஜ்காரன் அல்ல. அர்த்தம் தலைகீழாகிவிடும்.

இன்னொன்று. மூன்று வகை என்றீர்கள், நான்காவது விட்டுப்போனது: துரத்துகிறவன் ஓடுகிறவனை ஏமாற்றுவது. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பனை அதிரடிப்படை காட்டுக்குள் வளைக்கவில்லை. சிகிச்சைக்கு என்று நம்பவைத்து ஆம்புலன்ஸில் ஏற்றிப் பாப்பாரப்பட்டிப் பக்கம் வெளியே கொண்டுவந்தார்கள். வளையத்தை இறுக்கிக்கொண்டே போவதுதான் ஆள்வேட்டைக் கதையின் ஒரே முடிவு என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது தடமும் அல்ல, போக்கும் அல்ல. இதற்குத் ‘தூண்டில்’ என்று தனியாகவே வைக்கலாம்.

குன்னூரிலிருந்து

தூண்டில் சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

>அர்த்தம் தலைகீழாகிவிடும்

ஆகலாம். ஆனால் ‘காட்டி’ என்ற ஈறு ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். வழிகாட்டி ஆளும்தான், புத்தகமும்தான். திசைகாட்டி கருவி, கைகாட்டி மரம். இதுவரை குழப்பம் வந்ததில்லை. செய்தித்தாள் ‘போக்குக் காட்டினான்’ என்று வினையாகத்தான் எழுதுகிறது, ‘போக்குக்காட்டி’ என்ற பெயர்ச்சொல் காலியாகக் கிடக்கிறது. நாம் குடியேறிக்கொள்ளலாம்.

சொல் இரண்டும் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், திறந்த கட்டமைப்பு. கொலைகாரன் யார் என்று முதல் ரீலிலேயே காட்டிவிடும் படங்கள் உண்டு. 1973-ல் வந்த ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ அப்படித்தான். (மறுபடியும் குள்ளநரி!) அதில் குறிவைக்கப்பட்ட, பிரெஞ்சு அதிபராக இருந்த டி கோல் 1970-ல் இயற்கையாக இறந்தவர் என்பதும் அரங்கில் எல்லாருக்கும் தெரியும். அங்கே பார்வையாளரிடம் மறைக்க ஆளும் இல்லை, முடிவும் இல்லை. போலீஸ் எங்கே தவறான கதவைத் தட்டுகிறது, நேரம் எப்படிக் கரைகிறது என்பதுதான் பதற்றம். அங்கே பொய்த்தடம் உண்டு, போக்குக்காட்டி கிடையாது. ஒரே சொல்லை வைத்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வழியில்லை.

எங்கே கெடும் என்றும் பதிவு செய்துவிடுகிறேன். போக்குக்காட்டியை மதத்தின் மேல், தாடியின் மேல், பெயரின் மேல் ஏற்றுவது முதல் கேடு. அது அநியாயம் என்பது ஒரு பக்கம். தொழிலாகவும் அது ஓட்டை: பார்த்த மாத்திரத்தில் ‘இவனாக இருக்க மாட்டான்’ என்று அரங்கு கண்டுகொள்கிறது, அடுத்த 40 நிமிடம் வீண். சந்தேகம் ஆளின் நடத்தையில் இருந்து வர வேண்டும், அந்த நடத்தைக்கு வேறொரு முழுக் காரணமும் இருக்க வேண்டும். காட்டேஜ்காரனின் இரண்டு சிம்முக்குச் சீட்டுக் கடன் பதில் சொல்கிறது. பெயர் மாற்றத்துக்கும் அதுவே. ஒரு கேள்வி பதிலில்லாமல் நின்றால்கூட ஏமாற்று வேலை என்று பெயர் வாங்கும்.

இரண்டாவது கேடு, எண்ணிக்கை. பெரியது ஒன்று, 105-ல் சின்னதாக இன்னொன்று, அது ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவது வந்தால் பார்வையாளர் உண்மையான துப்பையும் நம்ப மறுக்கிறார்.

மூன்றாவது, போக்குக்காட்டியைச் சோறில்லாமல் காட்டுவது. காட்டேஜ் காட்சியை முழுதாக வெட்டிப் பாருங்கள். கதை அப்படியே நடந்தால் அது வெறும் நீட்டல்.

உதகையிலிருந்து

சோறில்லாத நிலா! சரி, இறங்கி வருகிறேன். பொய்த்தடம் கதைக்குள் இருக்கும் ஏமாற்றுக்கு இருக்கட்டும்.

கேள்வி: ‘போக்குக்காட்டி’யில் நடுவில் ஒற்று வேண்டுமா? சினிமாக்காரர்கள் ‘போக்குகாட்டி’ என்றுதான் அடிப்பார்கள்.

கோத்தகிரியிலிருந்து

வேண்டும் அம்மா. ‘போக்கு’ வன்தொடர்க் குற்றியலுகரம், வல்லினம் வந்தால் மிகும். பட்டியலில் ஒற்றோடு போகட்டும், அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்.

பதிவு இப்படி:

போக்குக்காட்டி: உண்மையான துப்பைப் பார்வையாளர் கவனிக்காதபடி தருவதற்காக, அவர் கவனத்தை வேறு ஆள் அல்லது பொருள் மேல் நிறுத்தும் திரைக்கதை உத்தி. அந்த ஆளையும் பொருளையும் இதே சொல்லால் குறிக்கலாம்.

பொய்த்தடம்: கதைக்குள் துரத்துகிறவரைத் தவறான திசைக்குக் கொண்டுபோகும் தகவல், பிறர் வைத்ததோ தானே நினைத்துக்கொண்டதோ.

தூண்டில்: ஓடுகிறவனை மறைவிடத்திலிருந்து வெளியே வரவழைக்கத் துரத்துகிறவர் செய்யும் ஏற்பாடு.

திரைக்கதைப் பக்க ஓரத்தில் குறிக்கச் சுருக்கம் போ.கா., பொ.த., தூ.

கொடைக்கானலிலிருந்து

போ.கா., பொ.த. இரண்டும் பேனாவால் அவசரத்தில் எழுதினால் ஒன்று போல இருக்கும். குறிலும் நெடிலும் இரட்டைச் சுழியில்தான் வித்தியாசம். பொ.த.வை வெறும் ‘தடம்’ என்று எழுதச் சொல்லுங்கள்.