புதுப்பிப்பு: நீலப்பட்டைத் தேனீ ஒருவழியாகத் தெளிவாகச் சிக்கியது

துளசிப் பூவுக்கு வரும் நீலப்பட்டைத் தேனீ எந்தப் படத்திலும் வெறும் கலங்கலாகவே விழுகிறது என்று ஐப்பசியில் புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/2000 நொடி ஆக்கினேன். ஓரளவு பலன் இருந்தது, ஆனால் துளசியில் அது ஒரு பூவில் அரை நொடிகூட நிற்பதில்லை, நான் ஃபோகஸ் செய்வதற்குள் அடுத்த கதிருக்குப் போய்விடும். ஃபிளாஷ் போடச் சிலர் சொன்ன யோசனை எனக்குச் சரிவரவில்லை, படம் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிட்டது.

வேலை செய்தது, "துளசியை விடுங்க, கத்தரிச் செடிகிட்ட போய் உட்காருங்க" என்று ஒரு அக்கா சொன்னதுதான். கத்தரிப் பூவில் மகரந்தம் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் உதிரும் என்பதால், தேனீ பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை மடக்கிக்கொண்டு உடம்பை அதிரவைக்கிறது. ங்ஙீ என்று ஒரு சத்தம், ஓரிரண்டு நொடி அசையாமல் தொங்கும், அதுவே போதும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, கொஞ்சம் கூடுதல் ஆழம் தெளிவாக விழ லென்ஸ் துளையை எஃப் 8 அளவுக்குக் குறுக்கி வைத்து, ஃபோகஸ் பிடிக்க நானே முன்னும் பின்னும் லேசாகச் சாய்ந்து எடுத்தேன். வயிற்றின் நீலக் கோடும் மூக்கு நுனியில் ஒட்டிய மஞ்சள் பொடியும் தெரிகின்றன.

எதிர்பாராதது ஒன்று: பொழுது சாயும்போது காய்ந்த புல் தண்டில் ஏழு தேனீக்கள் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கின. பெரும்பாலும் ஆண்கள்தான் இப்படித் தூங்குமாம். 1/60 நொடி என்ற மெதுவான ஷட்டரிலேயே எடுத்துவிட்டேன், ஒன்றும் அசையவில்லை.